மேஜர் ஹார்பாட்டில் பாலத்தைத் தாண்டவில்லை

என் அப்பாவை நல்ல மனிதர் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊரான ஸ்கெல்மவுத்தில் குடியிருப்பவர் இல்லை. லண்டனில் இருக்கிறார்கள், தெற்கே பெரிய தோட்ட வீடுகளில் இருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை அவருடைய பழைய ரெஜிமெண்ட் விருந்தில் கூடுகிறார்கள். "சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் கையிலிருக்கும் தேநீரை அவர்கள் சட்டையில் ஊற்ற வேண்டும் போலிருக்கும்.

அவர் பெயர் எட்வின் ஹார்பாட்டில். ஊருக்கு அவர் எட்டி. ஆங்கர் தெருவின் கடைசி வீடான அறுபத்தொன்றில் பிறந்தார். அந்த வீட்டுக்கு அடுத்தது கப்பல் கட்டும் யார்டின் இரும்பு வாசல், அதற்கு அப்பால் ஆறு, அதற்கு அப்பால் கடல். தாத்தா யார்டில் தகடு வளைத்தார். விக்டர் சித்தப்பா தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தார். அப்பாவும் பதினாலு வயதில் அதே வாசல் வழியாக உள்ளே போனார். காலை ஏழரைக்கு யார்டு சங்கு ஊதினால் எங்கள் சமையலறை அலமாரியில் கோப்பைகள் அதிரும். அந்தச் சங்கில்தான் அந்தத் தெருவே எழுந்தது, சாப்பிட்டது, கல்யாணம் செய்தது.

போர் வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா சாதாரண சிப்பாயாகப் போனார். பாலைவனத்தில் அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாக, மிச்சமிருந்தவர்களில் நிதானமான ஆள் இவர் என்று அங்கேயே இவரை அதிகாரியாக்கிவிட்டார்கள். சாவு இல்லாமல் இவருக்கு அந்தத் தோள் நட்சத்திரம் கிடைத்திருக்காது. அது இவருக்குத் தெரியும், மற்ற அதிகாரிகளுக்கும் தெரியும். அவர்களுடைய சாப்பாட்டுக் கூடாரத்தில் பதினோரு நாள் இவருடன் யாரும் பேசவில்லை. முள்கரண்டியை எப்படிப் பிடிக்கிறார் என்று மட்டும் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் கர்னல் லயனல் ட்ரெஸ்காட் என்பவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் தூக்கிப் போட்டால் அடுத்தவன் அதை எப்படிப் பிடிக்கிறான் என்று கேட்டார். அப்பா அரைமணி நேரம் சொன்னார். ட்ரெஸ்காட் கேட்டுக்கொண்டே இருந்தார். முந்நூறு வருடமாக ஒரே மாளிகையில் வாழும் குடும்பம் அவருடையது. அப்பாவை "எட்வின்" என்று முழுப் பெயர் சொல்லி அழைத்த முதல் ஆள் அவர்தான்.

அதே வருடம் அப்பாவின் இடது கால் எலும்பு குண்டுபட்டு நொறுங்கியது. பின்வாங்கும்போது தூக்கிப் போக வண்டி இல்லை. ட்ரெஸ்காட் ஒரு தண்ணீர்க் குடுவையை அவர் கையில் கொடுத்து, நாளை இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் இருட்டுவதற்குள் வந்தார். எப்படி வந்தார் என்பதை இரண்டு பேரும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மனிதர் வந்திருக்காவிட்டால் எனக்கு எட்டு வயதுக்குப் பிறகு அப்பா இருந்திருக்க மாட்டார். இதை நான் மறைக்கவில்லை. மறைத்தால் என் கோபம் சுலபமாகிவிடும், சுலபமான கோபம் எனக்கு வேண்டாம்.

போர் முடிந்ததும் வந்த தேர்தலில், யார்டுக்காரர்களின் கட்சி சார்பில், மேஜராகத் திரும்பி வந்திருந்த அப்பா, மேஜர் ஹார்பாட்டிலாகவே நின்றார். நொண்டும் கால், நேரான முதுகு, வாயைத் திறந்தால் ஆங்கர் தெரு. ஊரே ஓட்டுப் போட்டது. முடிவு தெரிந்தபோது நேரம் கெட்ட நேரத்தில் யார்டு சங்கை ஊதினார்கள். விக்டர் சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் அவரை ரிவெட் ஏற்றித் தள்ளும் வண்டியில் உட்கார வைத்துத் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பாராளுமன்ற உறுப்பினரான பிறகும் அவர் ஆங்கர் தெருவை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை காலைகளில் எங்கள் முன்னறையில் ஜனங்கள் குறை சொல்ல வருவார்கள். மாடிப்படியெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கும். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்பார், ராணுவத்தில் சிப்பாய்களின் மனுவைக் கேட்பதுபோல. அம்மா மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். யாருக்கு வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருடைய ஓய்வூதியம் எந்த அலுவலகத்தில் சிக்கியிருக்கிறது, எல்லாம் அவள் கையெழுத்தில். கடிதங்களை எழுதுவதும் அவள்தான். அவர் கையெழுத்துப் போடுவார். அம்மா பெயர் வினிஃப்ரெட், தெருவுக்கு வின். அவளுக்குப் பதவி எதுவும் கிடையாது.

ட்ரெஸ்காட்டும் அந்தச் சபையில்தான் இருந்தார், எதிர் வரிசையில். முதலில் எங்கள் கட்சி ஆண்டது, பிறகு அவர்கள் கட்சி. எது ஆண்டாலும் இருவரும் ஜோடி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்து ஆள் ஓட்டெடுப்புக்கு வர முடியாமல் போனால், மறுபக்கத்து ஜோடி தானும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிவிடுவார். ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும். இதற்குக் காகிதம் இல்லை, சட்டம் இல்லை. வெறும் வாய்வார்த்தை. கொறடா அலுவலகத்தில் பெயரைக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருடம் இந்த இருவரும் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை.

நான் பத்தொன்பது வயதில் பயணிகள் கப்பலில் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து ஊரை விட்டுப் போயிருந்தேன். ஆகவே அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவின் கடிதத்திலும், சித்தப்பாவின் வாயிலும், கடைசியாக அப்பாவிடமே கேட்டும் தெரிந்துகொண்டேன். அப்பா எதையும் மறைக்க மாட்டார். அதுவும் ஒரு எரிச்சல்.

சிறிய யார்டுகளை மூடி, வேலையைப் பெரிய யார்டுகளுக்கு மாற்ற அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. பட்டியலில் ஏழு யார்டுகள். நாலாவது எங்களுடையது. ஆயிரத்து நூறு பேருக்கு வேலை. ஆளும் கட்சியிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். கடைசி ஓட்டெடுப்பு மயிரிழையில் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சமமாக வந்தால்கூடப் போதும், ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் சமமாக வந்தால் சபாநாயகர் மசோதாவுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடுவார். அதுவும் அந்தச் சபையின் பழைய வழக்கம்.

அந்த வாரம் இறைச்சிக் கடை வரிசையில் அம்மா நின்றிருந்தபோது நாற்பதாம் எண் வீட்டு மிஸஸ் டாட்ஸ் கேட்டாள், எட்டி வியாழக்கிழமை அங்கே இருப்பானா என்று. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இருபத்தேழு பெண்கள். அம்மா சொன்னாள்: "இருப்பான். நான் சொல்றேன்ல."

அதே வாரம் ட்ரெஸ்காட் நுரையீரல் நோயில் படுத்தார். லண்டனில் அவர் இருந்த மருத்துவமனை ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பாராளுமன்றம் அந்தப் பக்கம். வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பாராளுமன்றத்தின் பெரிய கடிகாரம் தெரியும். வழக்கம்போல் அப்பா அவருக்கு ஜோடியாக ஒதுங்கியிருந்தார். கட்சிக் கொறடா அவரைக் கூப்பிட்டு, இந்த ஒருமுறை மட்டும் கர்னலிடம் கேட்டு விடுபட்டுக்கொள்ளுங்கள், அவர் ஒத்துக்கொள்வார் என்றார். அப்பாவும் செவ்வாய்க்கிழமை போனார். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் ட்ரெஸ்காட் வீட்டுப் பிளம் மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு ட்ரெஸ்காட் இறந்தார். அப்பா பக்கத்தில் இருந்தார். ஓட்டெடுப்பு ஏழு மணிக்கு. ஐந்தரைக்குக் கொறடாவின் ஆள் மூச்சு வாங்க மருத்துவமனைக்கு வந்தான். ஜோடி முடிந்துவிட்டது, இனி உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, வாருங்கள் மேஜர் என்றான். அப்பா அந்த உடலைக் காட்டி, "அவரால ஓட்டுப் போட முடியாது. அதனால நானும் போட முடியாது," என்றார்.

அந்த ஆள் கெஞ்சினான். கத்தினான். நர்ஸ் வந்து அவனை வெளியே அனுப்பினாள். அப்பா நாற்காலியில் நேராக உட்கார்ந்து, ஜன்னலில் அந்தக் கடிகாரம் ஏழு ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு அதிகாரி செய்ய வேண்டிய முறைப்படி, ட்ரெஸ்காட்டின் மனைவிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

மசோதா ஒரு ஓட்டில் நிறைவேறியது.

வெலிங்டன் துறைமுகத்தில் அம்மாவின் கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. யார்டு போயிற்று. அப்பா சபைக்குப் போகவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். நான் ஊர் வந்து சேர்வதற்குள் வாசலுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். சங்கு இல்லாமல் தெரு தாமதமாக எழுந்தது. பாதி ஆண்கள் கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் போயிருந்தார்கள். விக்டர் சித்தப்பா போகவில்லை. பழைய குதிரை லாயம் ஒன்றில் சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். "உங்கப்பாவுக்கு ஒரு சைக்கிள் தரட்டுமா?" என்றார் என்னைப் பார்த்ததும். "அடுத்த தடவை பாலத்தைத் தாண்ட உதவும்."

அன்று சாப்பாட்டு மேஜையிலேயே ஆரம்பித்தேன்.

"அங்கே டாக்ஸி கிடைக்கலையாப்பா?"

"நடந்தே போயிருக்கலாம். பத்து நிமிஷம்," என்றார்.

"செத்துப்போன மனுஷனுக்குக் கொடுத்த சொல்லுக்கு என்னப்பா அர்த்தம்?"

"அதான்மா விஷயம். செத்துட்டார்னா அவரால என்னை விடுவிக்க முடியாது. உயிரோட இருந்தா கேட்டிருக்கலாம்."

"செவ்வாய்க்கிழமை உயிரோடதானே இருந்தார்?"

அவர் ரொட்டியை நாலாக வெட்டினார். எட்டாக வெட்டினார். "அந்த நிலைமையில படுத்திருக்கிறவர்கிட்ட போய் அதைக் கேட்கிறது ஒரு ஆஃபீசர் செய்யற காரியம் இல்ல," என்றார்.

அம்மா எழுந்து தட்டுகளை எடுத்தாள்.

அந்தச் சொல்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆஃபீசர். ட்ரெஸ்காட்டின் சொந்த அண்ணன் மகன் அதே சபையில் இருந்தான், அதே மாளிகையில் பிறந்தவன். அடுத்த மாதமே தன் ஜோடியை ஏமாற்றி உள்ளே நுழைந்து ஓட்டுப் போட்டான். மதுக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். பிறவியிலேயே கனவான்களாக இருப்பவர்களுக்குக் கனவான் என்ற சட்டை சொந்தச் சட்டை. புழுக்கமாக இருந்தால் கழற்றி மாட்டிவிட்டு, வேண்டும்போது போட்டுக்கொள்வார்கள். என் அப்பாவுக்கு அது கொடுத்த சட்டை. ஒரு பொத்தானைக் கழற்றினாலும் உள்ளே தகடு வளைப்பவன் மகன் தெரிந்துவிடுவான் என்று பயம். பதினோரு நாள் யாரும் பேசாத அந்தக் கூடாரத்துக்கு மறுபடி போய்விடுவோம் என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆயிரத்து நூறு குடும்பங்கள் வேலை இழந்தன. இதற்குக் கண்ணியம் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் பொதுத்தேர்தல் வந்தது. விலகிக்கொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மறுபடி நின்றார். உள்ளூர்க் கட்சிக் குழு கூண்டோடு ராஜினாமா செய்தது. கட்சி அலுவலகத்தில் மிஸ்டர் பிம்லெட் என்ற வயதான குமாஸ்தா மட்டும் மிஞ்சினார். வீடு வீடாகப் போக ஆளில்லை.

"ஏன்பா நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஜெயிக்க இல்ல. ஆங்கர் தெருவுல ஒரு வீடு, ஒரே ஒரு வீடு, நான் செஞ்சது சரின்னு சொன்னா போதும்."

நானும் கூடப் போனேன். உதவ அல்ல. ஒவ்வொரு கதவிலும் அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முகத்தையும் அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக. வாக்காளர் பெயர் அட்டையையும் பென்சிலையும் நான் வைத்துக்கொண்டேன். ஆதரவு என்றால் கோடு, இல்லை என்றால் பெருக்கல் குறி. கிளம்புவதற்கு முன்பே எங்கள் வீட்டு வரிசையில் ஃப்ரெடா ஹார்பாட்டில் என்ற என் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டேன். அவர் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே முறை. கதவைத் தட்டுவார், தொப்பியைக் கழற்றுவார், தன் பெயரைச் சொல்லி, உங்கள் ஆதரவை நம்பலாமா என்று கேட்பார். எந்தப் பதிலுக்கும் நன்றி சொல்வார். முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண் அதே கையால் மூடினாள். ஒன்பதாம் வீட்டுக் கிழவர், தன் வீட்டு நாய்க்கு அப்பாவின் பெயரை வைத்திருப்பதாகவும், கூப்பிட்டால் வருவதில்லை என்பதால் அந்தப் பெயர் பொருத்தம் என்றும் விளக்கமாகச் சொன்னார். அதற்கும் அப்பா நன்றி சொன்னார். இருபத்திமூன்றில் விக்டர் சித்தப்பா கதவைத் திறக்கவேயில்லை, மாடி ஜன்னலிலிருந்து பேசினார்.

"யாரு, மேஜரா? கர்னல் சௌக்கியமா?"

"விக், நான் உன் அண்ணன்டா."

"என் அண்ணன் பேரு எட்டி. அவன் பாலைவனத்துல போயிட்டான். உங்களை எனக்குத் தெரியாது, சார்."

அப்பாவுக்கு அங்கே நன்றி சொல்லக் கொஞ்சம் தாமதமானது. நான் குறி போட்டேன். எனக்கு அதில் திருப்தி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நாற்பதாம் வீட்டில் மிஸஸ் டாட்ஸ் கோபப்படவில்லை. கால் வலிக்குமே என்று அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் கிளாஸ்கோவுல இருக்கார், மேஜர். வாரத்துக்கு ஒரு லெட்டர் வருது. உங்க மேல எனக்குக் கோபமில்ல. உங்களை நான் நம்பியிருந்தாத்தானே? நான் வின் சொன்னதை நம்பினேன்."

"வின் என்ன சொன்னா?"

மிஸஸ் டாட்ஸ் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "கறிக்கடை வரிசையில எங்க எல்லாருக்கும் சொன்னாளே. நீங்க இருப்பீங்கன்னு. அவ சொன்னதால நாங்க வேற எதுவும் செய்யல. இல்லாட்டி எல்லாரும் ரயிலேறி அங்கேயே வந்து உங்களைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்போம்."

தெருவில் இறங்கியதும் அப்பா நின்றார். "உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும்," என்றேன். "அதுக்கப்புறம் ஆறு மாசம் அம்மா கறிக்கடைக்கே போகல. அடுத்த ஊருக்கு பஸ்ஸுல போய் வாங்கிட்டு வந்தா. நீங்க அதைத்தான் சாப்பிட்டீங்க."

மிச்சம் இருபது வீடுகளிலும் அவர் குரல் சரியாக எழவில்லை. இருபதிலும் பெருக்கல் குறிதான். அறுபதாம் வீடு முடிந்ததும் நான் அட்டையை மடித்தேன். அவர் மடிக்க வேண்டாம் என்றார். எங்கள் வீட்டு வாசலுக்குப் போனார். பையில் சாவி இருந்தது. அதை எடுக்காமல் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றினார்.

அம்மா சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே திறந்தாள். அவரைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், பின்னால் அட்டையோடு நிற்கும் என்னைப் பார்த்தாள்.

"நான் எட்வின் ஹார்பாட்டில்," என்றார் அப்பா. "உங்க ஆதரவை நம்பலாமா?"

தெருவில் அங்கங்கே கதவுகள் திறந்திருந்தன. வீட்டில் எப்போதும் "நீ, எட்டி" என்று பேசுபவள், வெளியாளிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"கர்னலுக்குக் கொடுத்த சொல்லை அவர் செத்த பின்னாடியும் நீங்க காப்பாத்தினீங்க, மேஜர். நானும் ஒரு சொல் கொடுத்திருந்தேன். இருபத்தேழு பேருக்கு. உங்க பேர்ல. நான் உயிரோடதான் இருந்தேன். என்னை யாராவது கேட்டீங்களா?"

"எனக்குத் தெரியாது, வின்."

"ஒன்பது வருஷம் உங்க லெட்டர் எல்லாம் நான்தான் எழுதினேன். அதுல இருந்ததெல்லாம் யார் கொடுத்த வார்த்தைன்னு நினைச்சீங்க?" அவள் குரல் உயரவேயில்லை. "இல்லைன்னு போட்டுக்கோங்க."

அப்பா என் பக்கம் கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன். அட்டையைக் கதவுச் சட்டத்தில் வைத்து, வினிஃப்ரெட் ஹார்பாட்டில் என்ற பெயருக்கு எதிரே, தன் கையாலேயே பெருக்கல் குறி போட்டார். அதற்கு மேலே இருந்த தன் பெயருக்கு எதிரே எதுவும் போடவில்லை. பிறகு, மற்ற வீடுகளில் சொன்னதுபோலவே, "நன்றிங்கம்மா," என்றார்.

அவள் கதவை மூடவில்லை. உள்ளே போய்விட்டாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே வெகுநேரம் நின்றார். நான் அவரை உள்ளே கூப்பிடவில்லை. அவருக்காக இரக்கப்பட ஊரில் ஆளில்லாமல் போனால், அது என் வேலையாகிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அந்த வேலையைச் செய்ய நான் தயாராக இல்லை.

மறுநாள் அட்டையைக் கட்சி அலுவலகத்தில் கொடுத்தேன். மிஸ்டர் பிம்லெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கடைசி வரிசையில் விரல் நின்றது.

"இது வேட்பாளர் வீட்டம்மா ஆச்சே. தப்பா போட்டிருக்கீங்க பாப்பா," என்று சொல்லி ரப்பரைத் தேடி எடுத்தார்.

"கையை எடுங்க," என்றேன். "அது அப்பாவே போட்டது."